சிக்கன நத்தார்

மடம்,
15.09.2024

இயேசுவுக்குப் புகழ்!

அன்பின் ஸ்ரெல்லா அக்காவுக்கு,

றொசாந்தி எழுதுவது. இந்த மலைக்குளிரில் மூக்குச் சிந்துவதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அத்தானும் என் ஞானப்பிள்ளை ஜெரோசனும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. என் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வருகிற மாசி இரண்டாம் திகதி, 02.02.2025. அதன்பிறகு இந்தக் கம்பிக் கதவுக்கு வெளியே எனக்கு வேலையில்லை, சாகும்வரை இங்கேதான். அம்மா செத்த வருடம் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவந்தவள் நான். திரும்ப வந்து கதவைத் தட்ட மூன்று வருடம் எடுத்தது. மதர் அதை மறக்கவில்லை. "இன்னொரு தரம் போனால் கதவு திறக்காது, பிள்ளை" என்று சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார், ஆனால் சொல்கிறார்.

இரண்டாவது, உனக்கு ஏச்சு. போன நத்தாருக்குக் காப்பை அடைவு வைத்தாயாமே. ஜெரோசன்தான் எழுதினான். வீட்டுக்குப் பெயின்ற், அத்தானுக்கு மணிக்கூடு, ஒழுங்கையிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பரிசு, வாசலில் ஆளுயர நட்சத்திரம். அக்கா, பாலன் பிறந்தது மாட்டுக்கொட்டிலில், நகைக்கடையில் இல்லை. இந்த முறையாவது கையைச் சுருக்கு. மிச்சம் பிடிப்பது பாவமில்லை.

திருவருகைக் காலத்தில் எங்களுக்குக் கடிதம் இல்லை என்பது உனக்குத் தெரியும். மார்கழி பிறந்தபின் வருவதெல்லாம் மதரின் அலுமாரியில் கிடந்து நத்தார் அன்றுதான் கைக்கு வரும். அதற்கு முதல் எழுது.

ஜெரோசனுக்கு என் முத்தம். வளர்ந்துவிட்டேன் என்று வெட்கப்படுவான், பரவாயில்லை, கொடு.

உன் தங்கச்சி,
றொசாந்தி


குருநகர்,
28.09.2024

அன்புத் தங்கச்சி றொசாந்திக்கு,

கர்த்தர் கிருபையால் மூன்று பேரும் சுகம். உன் மூக்குக்கு மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடி. மடத்தில் அடுப்பு இருக்கும்தானே.

உன் ஏச்சைச் சாப்பாட்டு நேரம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அத்தான் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டார். "சிஸ்ரர் சொன்னாலும் ஆண்டவர் வந்து சொன்னாலும் உவள் கேக்கமாட்டாள்" என்றார். கேட்கத்தான் மாட்டேன். வருடம் முழுக்க மீன் மணக்கிற கையோடு திரிகிறவள் நான். ஒருநாள் கையில் கேக் மணந்தால் என்ன குறைந்துவிடும்? இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் மரத்தடியில் கிடந்த அந்த மார்கழியில்கூடச் சீமெந்துப் பையை வெட்டி நட்சத்திரம் கட்டினேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. அதன் கீழே நின்று குதித்தாய். நான் உயிரோடு இருக்கும்வரை என் வாசலில் நட்சத்திரம் இல்லாத நத்தார் வராது, எழுதி வைத்துக்கொள்.

ஆனால் உன் சொல் கேட்கிற ஆள் ஒருவன் வீட்டில் இருக்கிறான். ஜெரோசன் கடலுக்குப் போய் வருகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுத்து வைக்கிறான். "சித்தியின்ரை வார்த்தைப்பாட்டுக்கு நான்தான் வான் பிடிப்பன். நீங்கள் இரண்டுபேரும் மாப்பிள்ளை பொம்பிளை மாதிரிப் பின்னாலை இருந்து வாங்கோ" என்கிறான். முத்தம் கொடுத்தேன். துடைத்தான்.

உன் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
ஸ்ரெல்லா அக்கா


குருநகர்,
21.10.2024

மதிப்புக்குரிய மதர் அவர்களுக்கு,

தங்கள் மடத்திலுள்ள சகோதரி றொசாந்தியின் அக்கா ஸ்ரெல்லா பணிவுடன் எழுதுவது. தங்கள் சுகத்துக்கும் மற்றச் சகோதரிகளின் சுகத்துக்கும் ஆண்டவரை வேண்டுகிறேன்.

என் மகன் ஜெரோசன் இந்த மாதம் ஒன்பதாம் திகதி கடலில் இறந்துபோனான். அன்று என் கணவருக்குக் காய்ச்சல். தகப்பனைப் படுக்கச் சொல்லிவிட்டு, அயல்வீட்டு எமில்ராஜோடு பிள்ளை போனான். காற்று எழும்பிப் படகு கவிழ்ந்தது. எமில்ராஜ் நீந்திக் கரைசேர்ந்தான். என் பிள்ளையை மூன்றாம் நாள் கரையில் எடுத்தோம். வயது இருபது. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

மதர், இது றொசாந்திக்குத் தெரியவேண்டாம். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தெரிந்தால் அன்றைக்கே புறப்பட்டு வந்துவிடுவாள். எங்கள் அம்மா சாகும்போது "என்னாலை அவள் வெளியிலை வரக்கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவ. என்னால் அவளை அப்போது தடுக்க முடியவில்லை. இப்போது தடுப்பேன். என் பிள்ளை போனது போதும், அவளுடைய அழைத்தலும் அவனோடு போகக்கூடாது. இங்கே பங்குத் தந்தையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்றுதான் யோசனை. இழவு நடந்த வீட்டில் அந்த வருடம் நத்தார் இல்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். புது உடுப்பில்லை, கேக் இல்லை, நட்சத்திரம் இல்லை. அக்கம்பக்கம் தருவதைத்தான் சாப்பிடுவோம். அதையெல்லாம் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று அவளுக்கு எழுதிவிடுகிறேன். அதைத்தானே அவள் வருடக்கணக்காகச் சொல்கிறாள். நம்புவாள்.

தங்கள் செபத்தை நாடும்,
ஸ்ரெல்லா கனிசியஸ்


மடம்,
02.11.2024

அன்புள்ள ஸ்ரெல்லாவுக்கு,

இன்று இறந்த விசுவாசிகள் நாள். கோவிலில் யாருக்கென்று சொல்லாமல் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். உன் தங்கைதான் நெருப்புப்பெட்டி எடுத்துத் தந்தாள்.

பிள்ளை, எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. மௌனமாக இருக்கத் தெரியும். வார்த்தைப்பாடு வரை மௌனமாக இருக்கிறேன். அவள் நேரே வந்து கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டேன். முடிந்த கையோடு நீயே அவளுக்குச் சொல்லவேண்டும். அவளுக்கு வரும் கடிதங்களை நான் திறப்பதில்லை. நீ எழுதுவதை நீயே சுமக்கவேண்டும், அது பாரம்.

உன் கணவரைக் கவனி. ஆண்பிள்ளைகளுக்கு அழத் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

செபத்துடன்,
மதர்


குருநகர்,
15.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா? மூக்கு எப்படி? எழுதப் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே விடாத மழை.

நீ வென்றுவிட்டாய். இந்த வருடம் எங்கள் வீட்டில் சிக்கன நத்தார். முட்டை விற்கிற விலையில் கேக் அடிப்பது மடைத்தனம். கஜுவைக் கடையில் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். அதனால் கேக் இல்லை. பயத்தம் பணியாரமும் இல்லை. புது உடுப்பும் எடுக்கவில்லை, இருப்பதைத் தோய்த்துப் போட்டால் காணும். பிள்ளைகளுக்குப் பரிசும் இல்லை. கேட்டால் அடுத்த வருடம் என்று சொல்லிவிடுவேன்.

ஜெரோசனும் அதைத்தான் சொல்கிறான். "எனக்குச் சேட்டு வேண்டாம் அம்மா, இருக்கிறதையே போடேல்லை" என்கிறான். உண்மைதான். அலுமாரியைத் திறந்தால் அவனுடைய சேட்டுகள் அடுக்கினபடி இருக்கின்றன. போன நத்தாருக்கு வாங்கினதில் ஒன்று இன்னும் மடிப்புக் குலையவில்லை. இவ்வளவு காசை வீணாக்கியிருக்கிறேன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அவன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். நல்லாய்ச் சாப்பிடுகிறான்.

அக்கா


மடம்,
24.11.2024

என் அன்பு அக்காவுக்கு,

அல்லேலூயா! நாங்கள் எல்லோரும் சுகம். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். லாசர் எழும்பி வந்ததை நம்பிவிடலாம், ஸ்ரெல்லா அக்கா கேக் அடிக்காத நத்தாரை நம்புவதுதான் கஷ்டம். ஓய்வு நேரத்தில் சகோதரிகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். மதர் மட்டும் எழும்பிப் போய்விட்டார், அவருக்குத் தலையிடி போல.

எந்தப் புனிதர் வந்து உன்னைத் திருத்தினார்? பதினைந்து வருடம் நான் கத்தியும் கேட்காதவளை இரண்டு மாதத்தில் மாற்றின ஆள் யார்? அவருக்கு ஒரு நவநாள் செய்யவேண்டும். உனக்கு வெட்கமாயிருந்தால் ஜெரோசனை எழுதச் சொல். கள்ளன், இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. சேட்டு வேண்டாம் என்றானாமே, என் பிள்ளையல்லவா.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் பிறக்கிறது. இனி நத்தாருக்குத்தான் கதை. நீ இப்படி எளிமையாகக் கொண்டாடுகிற நத்தாரில் பாலன் கட்டாயம் உன் வீட்டில்தான் பிறப்பார்.

உன்னால் பெருமைப்படும்,
றொசாந்தி


குருநகர்,
18.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இது அலுமாரியில் கிடந்து நத்தார் அன்றுதான் உன் கைக்கு வரும் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். உனக்கும் மதருக்கும் எல்லோருக்கும் என் நத்தார் வாழ்த்து. நாங்கள் சுகம்.

யார் என்னைத் திருத்தினது என்று கேட்டாய். ஜெரோசன்தான்.

அவன் ஏன் எழுதவில்லை என்று கோபிக்காதே. கடலுக்குப் போய் வந்து களைத்துப் படுத்துவிடுகிறான். படுத்தால் எழுப்ப மனம் வருகுதில்லை. நான் எழுதும்போது பக்கத்தில் இருந்து அதை எழுது இதை எழுது என்று சொல்லிக்கொண்டிருப்பான், அதையெல்லாம் எழுதினால் தாள் காணாது. நேற்று நண்டுக்குழம்பு வைத்தேன். அவனுக்கென்று கால்களை எடுத்து வைத்தேன்.

நட்சத்திரமும் இந்த வருடம் கட்டவில்லை. கறன்ற் பில் ஏறிக்கிடக்கிறது. எல்லா வாசலிலும் எரிகிறது, ஒரு வாசலில் எரியாவிட்டால் ஒழுங்கை இருண்டா போய்விடும்?

இரவுப் பூசைக்குப் போகவேண்டும். போகமுடியுமோ தெரியாது. குளிருக்குக் காலுறை போடு.

அக்கா


மடம்,
28.12.2024

அன்பின் அக்காவுக்கு,

உன் கடிதம் நத்தார் காலையில் கிடைத்தது. நான் சுகம்.

வீட்டில் எல்லோரும் சுகமா அக்கா? எல்லோரும் என்று ஒரே சொல்லாக எழுதாதே. ஒவ்வொருத்தராக எழுது. ஜெரோசன் எப்படி? அத்தான் எப்படி? நீ எப்படி, இரவில் நித்திரை கொள்கிறாயா?

வேறு ஒன்றும் கேட்கவில்லை.

றொசாந்தி


குருநகர்,
12.01.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டேன். சுகம். ஒவ்வொருத்தராக எழுதச் சொன்னாய்.

ஜெரோசன் கொஞ்சம் சதை வைத்திருக்கிறான். மீசை விடப் பார்க்கிறான், உதட்டுக்கு மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. சொன்னால் சிரிப்பான். அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும், முதலில் ஒரு பக்கம் மட்டும் வந்து பிறகுதான் மற்றப் பக்கம் வரும். காலையில் பாணுக்குச் சம்பல் கேட்பான். வெயிலுக்குள் தொப்பி போடமாட்டான். நான் கத்துவேன்.

நத்தாருக்கு அடுப்பு மூட்டாமலே வீடு நிறையப் பலகாரம். அக்கம்பக்கத்துச் சனம் கொண்டுவந்து தந்ததுதான். தட்டுகளைக் கழுவி வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன். ஒருத்தரும் ஒன்றும் நினைக்கவில்லை. அதுவும் ஒரு மிச்சம்தானே.

ஒரு விசயம். உன் வார்த்தைப்பாட்டுக்கு எங்களால் வரமுடியாது போலிருக்கிறது. வான் கூலி கூடிவிட்டது. அவ்வளவு தூரம் போய்வருகிற செலவை நினைத்தால் கட்டாது. மிச்சம் பிடிக்கச் சொன்னவள் நீதானே, இதையும் மிச்சம் பிடிப்போம். மனதால் உன்னோடு நிற்பேன். வெள்ளைப் பூமுடி வைப்பார்களாமே, உனக்கு வடிவாயிருக்கும்.

கை நோகிறது. மிச்சத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அக்கா


மடம்,
05.02.2025

இயேசுவுக்குப் புகழ்!

என் அன்பு அக்காவுக்கு,

வார்த்தைப்பாடு முடிந்தது. நான் இனி இங்கேதான். நீ பயந்தது நடக்கவில்லை. அதனால் இனி நாம் ஒளிக்கத் தேவையில்லை.

எனக்குத் தெரியும் அக்கா. நத்தார் அன்றே தெரியும்.

மரத்தடியிலும் நட்சத்திரம் கட்டினவள், கறன்ற் பில்லுக்குப் பயந்து கட்டாமல் விடுவாளா? வாசித்த கையோடு உன் முந்தின கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கேக் இல்லை, புது உடுப்பு இல்லை, பரிசு இல்லை. நானும் குருநகரில் பிறந்தவள்தானே. இழவு வீட்டின் நத்தாரை நீ எனக்கு வரிவரியாக எழுதியிருக்கிறாய், நான் சிக்கனம் என்று கைதட்டச் சொல்லியிருக்கிறேன். அந்த வெட்கம் எனக்குச் சாகும்வரை போகாது. பிறகு வெறும் தட்டைத் திருப்பிக் கொடுத்தேன் என்று எழுதினாய், இழவு வீட்டுத் தட்டுத்தானே வெறுமையாகத் திரும்பும். அதற்குமேல் என்ன வேண்டும்?

மதரிடம் போய், எங்கள் வீட்டில் யாரும் செத்துவிட்டார்களா என்று கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. கண் நிறைந்துவிட்டது. "உனக்குப் போகவேண்டுமா?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை என்றேன். நான் போகக்கூடாது என்றுதானே நீ அந்தப் பாரத்தைத் தனியே சுமந்தாய். யார் என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஜெரோசன் உன் கடிதம் எல்லாவற்றிலும் இருக்கிறான். சாப்பிடுகிறான், சிரிக்கிறான், மீசை விடுகிறான். ஒவ்வொருத்தராக எழுது என்று கேட்டும் நீ அத்தானை எழுதவில்லை. அந்தச் சிரிக்கிற மனிசனைப் பற்றி நாலு மாதமாக ஒரு சொல் இல்லை.

அக்கா, நத்தாரிலிருந்து ஒவ்வொரு விடியலும் அத்தானுடைய ஆன்மாவுக்காக ஒரு செபமாலை சொல்கிறேன். வார்த்தைப்பாட்டு அன்று முகம் கவிழ்ந்து நிலத்தில் கிடந்தபோதும் அவர் பெயரைத்தான் சொன்னேன். கடலிலா, நோய் வருத்தத்திலா என்றுகூட எனக்குத் தெரியாது. இனிச் சொல்லு.

நீ தைரியமாயிரு. ஆண்டவர் உன்னை முழுக்கக் கைவிடவில்லை, ஜெரோசனை உனக்கு விட்டு வைத்திருக்கிறார். அவனை மட்டும் இனிக் கடலுக்கு விடாதே.

என்றும் உன்,
றொசாந்தி


குருநகர்,
17.02.2025

அன்பான தங்கச்சி சிஸ்ரர் றொசாந்திக்கு,

நான் அத்தான், கனிசியஸ். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கதைக்கிறமாதிரியே எழுதுறன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் உயிரோடைதான் இருக்கிறன். பெடியன்தான் இல்லை.

உங்கடை கடிதத்தை வாசிச்ச நேரம் தொடக்கம் அக்கா படுத்தபடி. மூன்று நாள் கழிச்சுத்தான் கஞ்சி குடிச்சவ. "என்னாலை ஏலாது, நீங்கள் எழுதுங்கோ" எண்டு பேனையை என்ரை கையிலை தந்திட்டா.

ஐப்பசி ஒன்பதாம் திகதி எனக்குக் காய்ச்சல். "நீங்கள் படுங்கோ அப்பா, நான் போயிட்டு வாறன்" எண்டு சொன்னவன். நானும் சரியெண்டு போர்த்துக்கொண்டு படுத்திட்டன். பெரிய காய்ச்சல் இல்லைத் தங்கச்சி. போயிருக்கலாம். மூன்றாம் நாள் கொண்டுவந்தாங்கள். பிறகு நான் கடலுக்குப் போகேல்லை. ஆரோடையும் கதைக்கிறதும் இல்லை. என்னைப் பற்றி எழுத அக்காவுக்கு ஒண்டும் இருக்கேல்லை. அதுதான் எழுதாமல் விட்டவ.

அவவிலை கோபிக்காதேங்கோ. முதல் கடிதம் உங்களுக்கு மறைக்கத்தான் எழுதினவ. பிறகு அப்பிடி இல்லை. எழுதேக்கை அவவின்ரை முகத்தை நான் பாத்தனான். அந்த அரை மணித்தியாலம் அவன் வீட்டிலை இருந்தான். மீசையைப் பற்றி எழுதேக்கை சிரிச்சவ. இந்த நாலு மாதத்திலை வேறை எப்பவும் அவ சிரிச்சு நான் காணேல்லை. நானும் வேண்டாமெண்டு சொல்லேல்லை.

நான் செத்துப்போனன் எண்டு நீங்கள் நினைச்சது எனக்குக் கோபமில்லை. உண்மையைச் சொல்லுறன், அக்கா அந்த இடத்தை வாசிக்கேக்கை, திருப்பி வாசி எண்டு கேட்டனான். என்னை எடுத்துக்கொண்டு அவனை விட்டிருக்கலாமே எண்டு ஒவ்வொரு நாளும் மாதாவைக் கேக்கிறன். உலகத்திலை நீங்கள் ஒராள்தான் அப்பிடி நடந்ததெண்டு நம்பி, அவனைக் கடலுக்கு விடாதே எண்டும் எழுதியிருக்கிறியள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் கொஞ்சம் மூச்சு வந்தது.

உங்களை வெளியிலை வரச்சொல்லி எழுதேல்லை. நீங்கள் அங்கையே இருங்கோ. அக்கா இவ்வளவும் செய்தது அதுக்குத்தான். உடம்பைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ. மதருக்கு என்ரை வணக்கம் சொல்லுங்கோ.

ஒண்டே ஒண்டு கேக்கிறன். விடியப்பறம் சொல்லுற அந்தச் செபமாலையை நிப்பாட்டாதேங்கோ. பேரை மட்டும் மாத்துங்கோ.

இப்படிக்கு,
அத்தான்
கனிசியஸ்